நீடித்து உழைக்கும் ஸ்கோப்: மலிவு எது, நட்டம் எது?

கடைக்கு ஒரு சாமானைக் கொள்வனவு செய்யும்போது நாங்கள் வழமையாகக் கேட்பது இரண்டு கேள்விகள்தான். என்ன விலைக்கு வருகின்றது? என்ன விலைக்குப் போகும்? இரண்டுக்கும் இடையில் நிற்கின்ற தொகையை இலாபம் என்று கொப்பியில் எழுதிவிடுகின்றோம். விற்ற சாமான் ஒரு மாதத்தில் திரும்பி வந்தால் அந்த இலாபம் என்னவாகும் என்று யோசிப்பவர்கள் குறைவு. அதற்கு மூன்றாவது கேள்வியொன்று இருக்கின்றது. இந்தச் சாமான் போய்ச் சேருகின்ற இடத்தில் எந்த விதமான அடியைத் தாங்க வேண்டியிருக்கும்?

பிரித்தானியாவின் பர்மிங்ஹாம் நகரில் விளையாட்டுத் துப்பாக்கிகள் விற்கும் கடையொன்றின் திருத்த மேசையில் ஒன்பது வருடங்கள் வேலை செய்தேன். இந்த மூன்றாவது கேள்வியின் பெறுமதியை அங்கே எனக்குக் காட்டியது எயார் ரைபிளின் மேல் பூட்டுகின்ற ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகின்றேன். வெளிநாட்டில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கின்ற அல்லது வைக்க நினைக்கின்ற உறவினர் இருந்தால் இது அவருக்கு நேரடியாக உதவும். இங்கே தண்ணீர்ப் பம்பியோ மின் உபகரணமோ விற்பவருக்கு இதிலுள்ள கணக்கு உதவும்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி என்பது எந்த நாட்டிலும் சட்டத்தின் கண் படுகின்ற பொருள். காற்றால் இயங்குவது என்பதற்காக அதனை விளையாட்டுப் பொம்மையாக எண்ணிவிடக் கூடாது. இலங்கையில் எவரும் உரிய அதிகாரிகளிடம் விசாரித்து, எழுத்தில் அனுமதி பெறாமல் இந்தத் துறையில் கை வைக்க வேண்டாம்.

பர்மிங்ஹாம் சந்தை

பர்மிங்ஹாம் பழைய துப்பாக்கித் தொழில் நகரம். பி.எஸ்.ஏ., வெப்லி போன்ற பெயர்கள் அங்கிருந்துதான் உலகத்துக்குப் போயின. அங்கே எயார் ரைபிள் வாங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். ஒரு சாரார் தானியக் களஞ்சியத்தில் எலியையும், பயிர் நிலத்தில் புறாவையும் கட்டுப்படுத்துகின்ற விவசாயிகள். மறு சாரார் உலோக இலக்குகளைச் சுடுகின்ற போட்டிக் கழகத்தினர். இரு சாராரும் சுடுகின்ற தூரம் பெரும்பாலும் 10 யாரிலிருந்து 50 யாருக்கு உள்ளேதான்.

இங்கிலாந்தில் எயார் ரைபிளின் சக்தி 12 அடி-இறாத்தலுக்கு மேற்பட்டால், அதாவது ஏறத்தாழ 16 ஜூலுக்கு மேற்பட்டால், சாதாரண துப்பாக்கிக்குரிய சான்றிதழ் வேண்டும். ஜேர்மனியில் அனுமதிப்பத்திரமின்றி வாங்கக்கூடியதன் எல்லை 7.5 ஜூல். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டத்தில் இப்படியான எல்லை இல்லாததால், 20 அடி-இறாத்தலைத் தாண்டுகின்ற "மெக்னம்" ரைபிள்களும் அங்கே தாராளமாக விற்பனையாகின்றன. சக்தி வாய்ந்த எயார் ரைபிள் என்று இங்கே நான் குறிப்பிடுவது 12 அடி-இறாத்தலையும் அதற்கு மேற்பட்டதையும்தான்.

பிரித்தானியாவில் 2007 முதல் எயார் ரைபிளை வியாபாரமாகப் பதிவு பெற்ற வியாபாரிதான் விற்கலாம். வாங்குபவரின் கையில் நேருக்கு நேர் ஒப்படைக்கவும் வேண்டும். ஆனால் ஸ்கோப்புக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. எவரும் தபாலில் அனுப்பலாம். ஆகவே ரைபிளில் போட்டி குறைவு, ஸ்கோப்பில் போட்டி கடுமை. போட்டி கடுமையான இடத்தில்தான் மலிவுச் சாமான் வந்து குவியும்.

இரண்டு பக்கமும் அடிக்கின்ற துப்பாக்கி

வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கியைச் சுட்டால் அது பின்பக்கமாக, சுடுபவரின் தோளை நோக்கி, ஒரு தரம் உதைக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஸ்பிரிங் வகை எயார் ரைபிள் அப்படியல்ல.

அதன் உள்ளே பலமான சுருள்வில் ஒன்று அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்தவுடன் அந்த வில் ஒரு கனமான பிஸ்டனை முன்னால் தள்ளும். பிஸ்டன் முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் வரும். இது முதலாவது அடி. பிஸ்டன் உருளையின் முனைக்குப் போய், தானே அழுத்திய காற்றின் மீது மோதி நிற்கும்போது, துப்பாக்கி முழுவதும் முன்பக்கமாக வெட்டி இழுக்கும். இது இரண்டாவது அடி. இந்த அசைவு சன்னம் குழலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடுகின்றது. சுடுபவரின் தோளுக்கு இது பெரிய உதையாகத் தெரியாது. ஆனால் துப்பாக்கியின் முதுகில் இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும் ஸ்கோப்புக்கு, முன்னும் பின்னுமாகச் சுத்தியலால் அடித்தது போல இருக்கும்.

ஸ்கோப்பின் உள்ளே பல கண்ணாடி வில்லைகளும், குறிபார்க்கும் குறுக்குக் கோடுகளும், அவற்றைத் தாங்குகின்ற ஓர் உட்குழாயும், அந்த உட்குழாயை ஒரு பக்கமாக அழுத்தி வைத்திருக்கும் சிறிய வில்லும் இருக்கின்றன. பெரிய வேட்டைத் துப்பாக்கிக்கென்று செய்யப்பட்ட ஸ்கோப்பில் இவையெல்லாம் பின்பக்க உதையை எதிர்பார்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். முன்பக்க வெட்டு அதன் கணக்கிலேயே இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் யானையைச் சுடும் துப்பாக்கியில் வருடக்கணக்காக நின்ற விலை கூடிய ஸ்கோப், எலியைச் சுடும் ஸ்பிரிங் ரைபிளில் சில வாரங்களில் கலங்கிப் போவதுண்டு. வில்லை தளரும், குறுக்குக் கோடு சாயும் அல்லது அறுந்துவிடும், குறி நாளுக்கு நாள் இடம் மாறும்.

ஆகவே விலை கூடியது என்பதும் உறுதியானது என்பதும் ஒன்றல்ல. எந்த அடிக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் விடயம்.

எயார் ரைபிளில் வேறு வகைகளும் உண்டு. சுருள்வில்லுக்குப் பதிலாக வாயு அடைத்த உருளையால் இயங்குகின்றவை இருக்கின்றன. அவற்றின் அசைவு குறுகியது, ஆனால் அடி கூர்மையானது. எனவே அவற்றையும் ஸ்பிரிங் வகையாகவே எண்ணி ஸ்கோப் தெரிய வேண்டும். முன்கூட்டியே காற்று அடைத்து வைக்கின்ற பி.சி.பி. வகையில் உதை மிகவும் குறைவு. அதில் ஏறத்தாழ எந்த ஸ்கோப்பும் நிற்கும். வாடிக்கையாளர் ஸ்கோப் கேட்டால் எங்கள் கடையில் முதலில் விலையைச் சொல்வதில்லை. "உங்களுடைய ரைபிள் எந்த வகை?" என்றுதான் கேட்போம். அந்த ஒரு கேள்வியால் பாதிப் பிரச்சினை வாசலிலேயே முடிந்துவிடும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலாவது, ஸ்பிரிங் ரைபிளுக்கு ஏற்றது என்று உற்பத்தியாளர் எழுத்தில் சொல்லியிருக்கின்றாரா என்று பாருங்கள். பெட்டியின் மேல் "அதிர்ச்சி தாங்கும்" என்று எழுதியிருப்பது போதாது. அந்த வசனம் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். உத்தரவாதப் பத்திரத்தைப் பிரித்து, ஸ்பிரிங் எயார் ரைபிளில் பாவித்தால் உத்தரவாதம் செல்லுமா என்பதை வாசிக்க வேண்டும். செல்லாது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பவர்களும் உண்டு.

இரண்டாவது, குறுக்குக் கோடு. மெல்லிய கம்பியால் கட்டியதைவிடக் கண்ணாடியில் பொறித்தது அடியை நன்றாகத் தாங்கும்.

மூன்றாவது, கிட்டிய தூரத்துக்குச் சரிசெய்யக்கூடியதா என்பது. சாதாரண துப்பாக்கி ஸ்கோப்பை 100 யாருக்கு அல்லது அதற்கு மேல் தெளிவாகத் தெரியும்படி தொழிற்சாலையில் நிலையாக அமைத்து விடுவார்கள். அதனை 15 யாரில் வைத்துப் பார்த்தால் படம் மங்கலாக இருக்கும். அது மாத்திரமல்ல, கண்ணைச் சற்று அசைத்தால் குறுக்குக் கோடும் இலக்கின் மேல் அசையும். இதனை இடமாறு தோற்றம் என்பார்கள். எயார் ரைபிளுக்கு வாங்குவது 10 யார் வரையாவது கிட்டத்தில் தெளிவாக்கக்கூடியதாக, முன் வில்லையிலோ பக்கவாட்டிலோ சுழற்றும் வளையம் உள்ளதாக இருக்க வேண்டும்.

நான்காவது, பெரிதாக்கும் அளவு. ஸ்கோப்பில் "3-9x40" என்று எழுதியிருந்தால், 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன் வில்லையின் விட்டம் 40 மில்லிமீற்றர் என்று அர்த்தம். 40-ஐ 9-ஆல் பிரித்தால் 4.4 வருகின்றது. கண்ணுக்கு வந்து சேருகின்ற ஒளிக்கற்றையின் விட்டம் அத்தனை மில்லிமீற்றர். இதே கணக்கில் "6-24x50" என்பதை 24 மடங்கில் வைத்தால் 2.1 மில்லிமீற்றர்தான் வரும். மாலை நேரத்தில் களஞ்சியத்துக்குள் படம் இருண்டுவிடும். இலக்கம் பெரிதாக இருந்தால் சாமான் சிறந்தது என்று எண்ணுகின்ற வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கை ஒரு கடதாசியில் போட்டுக் காட்டினால் உடனே விளங்கும். வயலிலும் களஞ்சியத்திலும் சுடுகின்றவருக்கு 3-9x40 அல்லது 4-12x40 தாராளம். நிலையான 4 மடங்கு ஸ்கோப்பில் அசையும் பாகங்கள் குறைவு. ஆகவே அதே விலையில் அது பெரும்பாலும் உறுதியானது.

ஐந்தாவது, எடை. ஸ்கோப் கனக்கக் கனக்க ஒவ்வொரு வெடிக்கும் அது தன் பிடியை இழுக்கின்ற விசையும் கூடும். மெக்னம் ரைபிளின் மேல் முக்கால் கிலோ ஸ்கோப்பை ஏற்றுவது அழகாக இருக்கலாம். பிடி அதற்குச் சம்மதிக்காது.

30 மில்லிமீற்றர் குழாய் என்றால் வெளிச்சம் கூடும் என்று விற்பனையாளர்கள் சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. தடித்த குழாயால் கிடைப்பது உறுதியும், மேலும் கீழும் சரிசெய்வதற்கான இடமும்தான். இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியவர் எல்லோருமல்லர்.

ஹோக், நிக்கோ ஸ்டெர்லிங், புஷ்னெல், லீப்பர்ஸ் போன்ற பெயர்கள் நடுத்தர விலைச் சந்தையில் அடிக்கடி காணக்கூடியவை. ஹோக் நிறுவனம் "எயார்மெக்ஸ்" என்று எயார் ரைபிளுக்கெனவே ஒரு வரிசை வைத்திருக்கின்றது. ஆனால் ஒரே நிறுவனத்தின் பெயரில் பல தரங்கள் வருவதால், பெயரை மாத்திரம் பார்த்து வாங்க வேண்டாம். மாதிரி இலக்கத்தைப் பார்த்து, மேற்சொன்ன ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள்.

பிடி சரியில்லாவிட்டால் எதுவும் சரியில்லை

ஸ்கோப்பை ரைபிளோடு இணைக்கின்ற வளையங்களை மவுண்ட் என்கின்றோம். வாடிக்கையாளர் ஸ்கோப்புக்குப் பணத்தைச் செலவழித்துவிட்டு மவுண்டில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார். ஸ்பிரிங் ரைபிளில் இது தலைகீழான சிக்கனம்.

ரைபிள் முன்னால் வெட்டி இழுக்கும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதன் விளைவாக, வெடிக்கு வெடி மயிரிழை அளவாக மவுண்ட் பின்னால் ஊர்ந்து வரும். எயார் ரைபிளின் முதுகில் உள்ள தவாளிப்பு பெயரளவில் 11 மில்லிமீற்றர் என்றாலும், கம்பனிக்குக் கம்பனி சற்று வித்தியாசப்படும். ஆகவே வெறும் இறுக்கத்தை நம்ப முடியாது. மவுண்டின் அடியில் ஒரு தடுப்பு ஆணி இருந்து, அது ரைபிளில் உள்ள துளைக்குள் இறங்கி நிற்க வேண்டும். பலமான ரைபிளுக்கு இரண்டு தனி வளையங்களைவிட, நீளமான ஒற்றைத் துண்டு மவுண்ட் நல்லது. திருகாணிகளை ஒரு பக்கமாக முழுவதும் இறுக்காமல், மாறி மாறிச் சமமாக இறுக்க வேண்டும். மிதமிஞ்சி முறுக்கினால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கிவிடும்.

திரும்பி வந்த ஸ்கோப் எல்லாம் பழுதல்ல

"ஸ்கோப் பழுது, குறி நிற்கவில்லை" என்று கடைக்குத் திரும்பி வருவதை எடுத்துப் பார்ப்பதுதான் என்னுடைய வேலையாக இருந்தது. அவற்றில் பலவற்றில் ஸ்கோப்பில் ஒரு குறையும் இருக்காது. சிலதில் மவுண்ட் ஊர்ந்திருக்கும். சிலதில் ரைபிளின் மரப்பிடியைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்திருக்கும்.

இன்னொரு காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். சில ரைபிள்களில், குறிப்பாகக் குழலை மடித்து ஏற்றுகின்றவற்றில், குழல் தவாளிப்பின் கோட்டை விடச் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். அதை ஈடுசெய்ய வாடிக்கையாளர் மேல் குமிழைத் திருகித் திருகி அதன் கடைசி எல்லைக்குக் கொண்டு போய்விடுவார். அந்த எல்லையில் உட்குழாயை அழுத்தி வைத்திருக்கும் சிறிய வில் தளர்ந்து போகும். பிறகு ஒவ்வொரு அடிக்கும் குறி வெவ்வேறு இடத்தில் நிற்கும். ஸ்கோப் பழுது என்று வாடிக்கையாளர் சத்தியம் செய்வார். குமிழை நடுவுக்குக் கொண்டு வந்து, பின்பக்கம் சற்று உயர்ந்த மவுண்டைப் பூட்டினால் அதே ஸ்கோப் ஒழுங்காக வேலை செய்யும். நடுவைக் கண்டுபிடிப்பதும் சுலபம். குமிழை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை மெதுவாகத் திருகி, "கிளிக்" சத்தங்களை எண்ணிப் பாதிக்குத் திரும்பி வர வேண்டும்.

ரைபிளையே தவறாகப் பாவிப்பவரும் உண்டு. சன்னம் போடாமல் வெறுமனே சுடுவதும், உருளைக்குள் கண்டபடி எண்ணெய் விடுவதும் அடியைப் பல மடங்கு கூட்டும். சன்னம் இல்லாவிட்டால் பிஸ்டனைத் தடுக்கின்ற காற்று மெத்தை இல்லாமல் போகின்றது. எண்ணெய் விட்டால் அழுத்தத்தின் சூட்டில் அது உள்ளே பற்றி வெடிக்கின்றது.

இவற்றையெல்லாம் விற்கும்போதே பத்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்தால், திரும்பி வருகின்ற சாமான் குறையும். எங்கள் கடையில் ஸ்கோப்பும் மவுண்டும் சேர்த்து வாங்குபவருக்கு இலவசமாகப் பூட்டிக் கொடுத்தோம். பலர் அதனைத் தாராள மனம் என்று எண்ணினார்கள். முதலாளியின் கணக்கில் அது செலவைக் குறைக்கின்ற வழி.

ஐந்து மாதிரிகள்

ஒரு முறை மொத்த வியாபாரி ஒருவர் 300 ஸ்கோப்புகளை வழமையான விலையின் பாதிக்குத் தருவதாக வந்தார். வெளித்தோற்றம் அழகு. கண்ணாடி தெளிவு. பெட்டியும் நேர்த்தி. அந்த நேரம் கடையில் வியாபாரம் மந்தம். வாடகையும் கூடியிருந்தது. 300-ஐயும் எடுத்தால் அந்த வருடத்தை ஓட்டிவிடலாம் என்ற நிலைமை.

முதலாளி மாதிரி கேட்டார். மொத்த வியாபாரி கொண்டு வந்த மாதிரியை எடுக்காமல், களஞ்சியத்துக்கு என்னை அனுப்பி, வெவ்வேறு அட்டைப் பெட்டிகளிலிருந்து பத்தை எடுத்து வரச் சொன்னார். அவற்றில் ஐந்தைக் கடையில் இருந்த மிகவும் முரட்டு ஸ்பிரிங் ரைபிளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டினோம். முதலில் ஐந்து வெடி வைத்து, கடதாசி இலக்கில் அடையாளம் எடுத்தோம். பிறகு 200 வெடி. பிறகு மீண்டும் ஐந்து. மூன்று ஸ்கோப்புகள் தோற்றன. ஒன்றில் குறுக்குக் கோடு சாய்ந்துவிட்டது. மற்ற இரண்டிலும் குறி ஓரிடத்தில் நிற்கவில்லை. எஞ்சிய ஐந்தையும் பி.சி.பி. ரைபிளில் அதே 200 வெடிக்கு வைத்தோம். ஐந்தும் முதல் வெடியிலிருந்தது போலவே இருந்தன.

முதலாளி 300-ஐயும் எடுக்கவில்லை. முழுவதுமாக மறுக்கவும் இல்லை. 40 மாத்திரம் எடுத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் "பி.சி.பி. ரைபிளுக்கு மாத்திரம்; ஸ்பிரிங் ரைபிளுக்கு அல்ல" என்று சிவப்புச் சீட்டு ஒட்டச் சொன்னார். "சீட்டைப் பார்த்து ஆட்கள் போய்விடுவார்களே" என்று நான் கேட்டேன். "போகட்டும். போகின்றவர் காசைக் கொண்டு போவார். திரும்பி வருகின்றவர் பெயரைக் கொண்டு போவார்" என்றார்.

சிலர் போனார்கள்தான். சீட்டு ஒட்டாமல் விற்கின்ற கடையில் வாங்கினார்கள். ஆனால் அந்த 40-உம் விற்று முடிந்தது. அந்தக் குறையைச் சொல்லி ஒன்றும் என் மேசைக்கு வரவில்லை. சாமான் கெட்டதல்ல, அதனைப் பொருந்தாத இடத்துக்கு விற்பதுதான் கெட்டது என்பதை அன்றிலிருந்து நான் மறக்கவில்லை.

கொப்பியில் போடும் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். மலிவு ஸ்கோப்பை 40 பவுணுக்கு வாங்கி 60 பவுணுக்கு விற்கின்றீர்கள். ஒன்றுக்கு 20 பவுண் இலாபம். பத்து விற்றால் 200 பவுண். அதில் மூன்று திரும்பி வருகின்றது. புதியது மாற்றிக் கொடுக்க ஒன்றுக்கு 40 பவுண், தபால் 5 பவுண். மூன்றுக்கும் 135 பவுண் போகும். கையில் மிஞ்சுவது 65 பவுண்.

தரமான ஸ்கோப்பை 65 பவுணுக்கு வாங்கி 90 பவுணுக்கு விற்கின்றீர்கள். விலை கூடியதால் பத்துக்குப் பதிலாக ஆறுதான் போகின்றது. ஆறுக்கும் 150 பவுண் இலாபம். அதில் ஒன்று திரும்பி வந்து, நிறுவனம் புதியது தந்தால், உங்களுக்குப் போவது தபால் செலவு 5 பவுண். மிஞ்சுவது 145 பவுண்.

குறைவாக விற்றவர் இரண்டு மடங்குக்கு மேல் உழைத்திருக்கின்றார். முகம் சுளித்துக் கொண்டு திரும்பிப் போன மூன்று வாடிக்கையாளர்களும், அவர்களோடு கழிந்த நேரமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. உங்களுடைய கடைச் சாமானின் விலையைப் போட்டு இதே கணக்கை ஒரு தரம் செய்து பாருங்கள்.

சட்டமும் வியாபாரியைத்தான் பிடிக்கும். பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள சாமானை வாடிக்கையாளர் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றே பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். "கம்பனியைக் கேளுங்கள்" என்று அங்கே கையைக் கழுவ முடியாது. எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கின்றது. அதனை வாசித்து வைத்திருக்கின்ற வியாபாரிகள் எத்தனை பேர்?

ஆயுட்கால உத்தரவாதம்: யாருடைய ஆயுள்?

"ஆயுட்கால உத்தரவாதம்" என்ற வசனத்தைப் பெட்டியில் கண்டவுடன் மயங்கிவிட வேண்டாம். வாங்கியவரின் ஆயுளா, சாமானின் ஆயுளா, நிறுவனத்தின் ஆயுளா என்று கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் மலிவு ஸ்கோப் என்றாலே டாஸ்கோ என்ற பெயர்தான் முன்னுக்கு வரும். அந்த அமெரிக்க நிறுவனம் 2002இல் வீழ்ச்சியடைந்து, அதன் பெயரை புஷ்னெல் வாங்கியது. ரெட்பீல்ட் என்ற பழைய நிறுவனம் 1998இல் மூடப்பட்டது. அந்தப் பெயர் 2008இல் லியூபோல்டின் கைக்குப் போனது. பர்மிங்ஹாமின் வெப்லியே 2005இல் கதவை மூடியது. பிறகு அந்தப் பெயரில் துருக்கியில் செய்த ரைபிள்கள் வந்தன. பெட்டியில் உள்ள பெயர் அதே பெயராக இருக்கும். பின்னால் நிற்பவர் வேறு ஆளாக இருப்பார். பழைய சாமானுக்குப் புதியவர் பொறுப்பு ஏற்பாரா என்பது அவரவர் எழுத்தைப் பொறுத்தது.

ஆகவே உத்தரவாதத்தில் மூன்றைப் பார்க்க வேண்டும். திருத்துகின்ற இடம் எந்த நாட்டில் இருக்கின்றது? அனுப்புகின்ற செலவு யாருடையது? மாற்றிக் கொடுக்க எத்தனை நாள்? கடல் கடந்து அனுப்பி மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய உத்தரவாதம், சின்னக் கடைக்காரருக்கு உத்தரவாதமே அல்ல. போலிச் சாமானுக்கு அந்தக் கடதாசியும் செல்லாது. தன் பெயரில் போலி ஸ்கோப்புகள் வருவதாக லியூபோல்ட் நிறுவனமே வாடிக்கையாளர்களை எச்சரித்திருக்கின்றது. நம்ப முடியாத விலைக்குப் பெரிய பெயர் கிடைத்தால், தொடர் இலக்கத்தை நிறுவனத்திடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் காசு கட்ட வேண்டாம்.

சோதித்துப் பார்க்கின்ற முறை

விற்பவரும் வாங்குபவரும் செய்யக்கூடிய சில எளிய சோதனைகள் இருக்கின்றன.

ஸ்கோப்பைக் காதோரம் பிடித்து மெதுவாகக் குலுக்கினால் உள்ளே எந்தச் சத்தமும் வரக் கூடாது. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் தூசியோ கறையோ தெரியக் கூடாது. நீர் புகாது என்று எழுதியிருந்தால், மூடிகள் எல்லாவற்றையும் பூட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். குமிழிகள் தொடர்ந்து வந்தால் உள்ளே அடைத்த உலர்ந்த வாயு வெளியேறுகின்றது. அது நாளைக்கு உள்ளே பனி பிடிக்கும்.

சுடுகின்ற இடத்தில் சதுரச் சோதனை செய்யலாம். ஒரு புள்ளியைக் குறிபார்த்துச் சுட்டு, மேலே 20 கிளிக், வலப்பக்கம் 20, கீழே 20, இடப்பக்கம் 20 என்று திருகி, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியைக் குறிபார்த்துச் சுட வேண்டும். அடையாளங்கள் ஒரு சதுரமாக விழுந்து, கடைசி வெடி முதல் வெடியின் இடத்துக்கே திரும்பி வர வேண்டும். பல ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் என்பது 100 யாரில் கால் அங்குலம். ஆகவே 25 யாரில் ஓர் அங்குலத்தை நகர்த்த 16 கிளிக் வேண்டும். இது தெரியாமல் "குமிழ் வேலை செய்யவில்லை" என்று சண்டைக்கு வந்தவர்களையும் கண்டிருக்கின்றேன்.

எங்களைப் போன்ற ஈரலிப்பான நாட்டில் ஸ்கோப், கெமரா, தொலைநோக்கி எதுவானாலும், தோல் உறைக்குள் பூட்டி அலுமாரியில் வைத்தால் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. கெமராவும் மூக்குக் கண்ணாடியும் விற்கின்றவர்கள் இந்தச் சின்னப் பைகளையும் சேர்த்து விற்றால் வாடிக்கையாளருக்கும் நன்மை, கடைக்கும் ஒரு சிறிய வருமானம்.

வாங்குபவரின் பணம் எப்படிப் போக வேண்டும்?

சக்தி வாய்ந்த ஸ்பிரிங் ரைபிளுக்கு, அளவான பணத்தில் ஸ்கோப் கேட்பவருக்கு நான் சொல்கின்ற ஒழுங்கு இதுதான். முதலில் தடுப்பு ஆணியுள்ள நல்ல மவுண்டுக்குப் பணத்தை ஒதுக்குங்கள். மிச்சத்தில், ஸ்பிரிங் ரைபிளுக்கென்று எழுத்தில் உத்தரவாதம் தருகின்ற, 10 யார் வரை தெளிவாகின்ற, எடை குறைந்த 3-9x40 அளவு ஸ்கோப்பை வாங்குங்கள். அதற்கும் பணம் போதாவிட்டால் பெரிதாக்கும் அளவைக் குறையுங்கள், உறுதியைக் குறைக்க வேண்டாம். ரைபிளோடு இலவசமாக வருகின்ற ஸ்கோப்பை இலவசம் என்று எண்ண வேண்டாம். பொதியின் விலையைக் குறைத்துக் காட்டப் போட்ட சாமான் அது. ரைபிளின் அடியைக் கணக்கெடுத்துப் போட்டதாக இருப்பது அரிது.

விற்பவருக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். தண்ணீர்ப் பம்பி வாங்க வருபவரிடம் கிணற்றின் ஆழத்தைக் கேளுங்கள். மின்பிறப்பாக்கி வாங்க வருபவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று கேளுங்கள். தையல் இயந்திரத்துக்கு மோட்டார் கேட்பவரிடம் தைப்பது சேலைத் துணியா, கென்வஸா என்று கேளுங்கள். அடுத்த முறை மொத்த வியாபாரி பாதி விலைக்கு ஒரு தொகுதியைக் கொண்டு வந்தால், அவர் நீட்டுகின்ற மாதிரியை வாங்காமல் களஞ்சியத்துக்குப் போய் நீங்களே ஐந்தை எடுத்து வாருங்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் மிக முரட்டுத்தனமாகப் பாவிப்பவர் எப்படிப் பாவிப்பாரோ அப்படியே அவற்றைப் பாவித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு விலையைப் பேசுங்கள்.